கடைமடை பார்த்து நாளை ஓட்டுவது எப்படி

மூத்தவன் போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். காலையில் எழுந்ததும் அன்றைய வேலைகளை அதில் போட வேண்டும். ஒன்றை முடித்துத் தொட்டால் பச்சை டிக் விழும். ராத்திரி எத்தனை சதவீதம் முடித்தேன் என்று அதுவே சொல்லும். "அம்மா, நீ நாள் பூரா ஓடுறே, ஆனா எஃபிஷியன்ட்டா ஓடலை" என்றான். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. அங்கே எல்லாரும் இப்படித்தான் போலிருக்கிறது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலையில் 22 வருஷம் கணக்கு எழுதியவள் நான். கட்டம் போட்ட எதைப் பார்த்தாலும் நிரப்பத்தான் கை போகும்.

40 நாள் செய்தேன். ஒரு நாள்கூட 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. அந்த 40 நாளில் உளுந்தில் பாதி போனது. அத்தைக்கு (என் மாமியார்) கண் அழுத்தத்துக்கு ராத்திரி விடுகிற சொட்டு மருந்து தீர்ந்து 9 நாள் ஆனது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இடது கணுக்கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. மருந்துக்கும் கணுக்காலுக்கும் அந்த ஆப்பில் கட்டம் கிடையாது. உளுந்துக்கு மட்டும் இருந்தது; அதிலும் பச்சை டிக்தான் விழுந்திருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது வேறு மாதிரி ஓட்டுகிறேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யோசனை அங்கிருந்துதான் வந்தது. எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பாமணியாற்றுப் பாசனம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி மூன்றாகும்: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அப்புறம்தான் வயல். மேட்டூரை ஜூன் 12 திறப்பது வழக்கம். டிவியில் மதகைத் தூக்குவதையும் பூத் தூவுவதையும் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் ஒருவரும் விதை நெல்லை ஊறப்போட மாட்டார்கள். டீக்கடையில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கடைமடைக்கு எட்டிச்சா?"

வாய்க்காலின் தலைப்பில் இருக்கிற வயல் தலைமடை, கடைசியில் இருப்பது கடைமடை. தலைமடையில் நுரைத்துக்கொண்டு ஓடலாம். கடைசி வயல் வெடித்துக் கிடந்தால் அந்த வருஷம் தண்ணீர் வந்ததாக யாரும் சொல்வதில்லை. தண்ணீர் குறைந்த வருஷங்களில் ஆற்றிலேயே முறை வைப்பார்கள்: இத்தனை நாள் இதில், இத்தனை நாள் அதில் என்று. எங்கள் கன்னி வாய்க்காலுக்குள்ளும் ஒரு முறை உண்டு, அது கடைசி வயலிலிருந்து மேலே ஏறி வரும். தலைமடைக்காரருக்குக் கசிவிலேயே பாதி நனைந்துவிடும். கடைசிக்காரருக்கு முறையை விட்டால் வேறு வழியில்லை.

என் 90 சதவீதமெல்லாம் தலைமடைக் கணக்கு. கணுக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இது உறைத்தது.

கடைமடை எது என்று பாருங்கள்

ஏழு ராத்திரி இதைச் செய்யுங்கள். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாள் இருக்கிறதே, அதன் பின்பக்கத்தில் அன்றைக்கு எது செய்யாமல் நின்றதோ அதை மட்டும் எழுதுங்கள். செய்ததை எழுதக் கூடாது. செய்ததை எழுத ஆரம்பித்தால் பெருமை வந்து உட்கார்ந்துகொள்ளும், மிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

எட்டாம் நாள் ஏழு தாளையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். எது நான்கு தாளிலாவது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் உங்கள் கடைமடை. எனக்கு நான்கு வந்தன: அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவது, வாழைக்குப் பின்னால் அடைத்துக் கிடந்த வடிகால், திருத்துறைப்பூண்டியில் இருக்கும் தங்கையிடம் போனில் பேசுவது, கணுக்கால். நான்கும் பெரிய வேலைகள் இல்லை. அவசரமும் இல்லை. அதனாலேயேதான் தினமும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அவசரம் இல்லாதது தானாக அவசரமாகும்போது நமக்குப் பணமாகவோ உடம்பாகவோ செலவு வைக்கும். டாக்டர் அன்றைக்குத் திட்டிய திட்டில் அத்தை எனக்காகப் பரிந்து பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நாளின் முதல் தண்ணீர் இதற்கு. ஒரு நாளைக்கு ஒன்று, அரைமணிக்கு மேல் வேண்டாம். "காலையில எனக்கு ஏது அரைமணி, பிள்ளைக்கு டிபன் கட்டணும்" என்று சொல்கிறவர்களுக்கு: நாளின் தொடக்கம் என்பது சூரியன் எழுகிற நேரமாகவே இருக்க வேண்டியதில்லை. எனக்குப் பால்காரர் மணியடிப்பதற்கு முன் 5:10 முதல் 5:40 வரை. என் தங்கைக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேன் ஏறியபிறகு. உங்கள் கையில் இருக்கிற முதல் அரைமணி எதுவோ அது. வடிகாலை நான் மூன்று காலையில் மண்வெட்டியால் திறந்துவிட்டேன். ஐப்பசி மழைக்கு வாழை தண்ணீரில் நிற்காமல் தப்பித்தது.

நிமிஷத்தை விட்டுவிட்டு நடையை எண்ணுங்கள்

ஆலையில் இருந்தபோது கற்றது இது. ஒரு மூட்டையை எத்தனை பேர் எவ்வளவு வேகமாகத் தூக்குகிறார்கள் என்று முதலாளி பார்க்க மாட்டார். ஒரே மூட்டை எத்தனை தடவை தூக்கப்படுகிறது என்று பார்ப்பார். லாரியிலிருந்து களத்துக்கு, களத்திலிருந்து கொட்டகைக்கு, கொட்டகையிலிருந்து மறுபடி களத்துக்கு. வேகமாகத் தூக்குவதில் ஒன்றும் மிச்சமில்லை, ஒரு தடவை குறைந்தால்தான் மிச்சம்.

வீட்டில் இதைச் செய்ய ஒரு பிடி புளியங்கொட்டையும் இரண்டு டம்ளரும் போதும். அடுப்பங்கரை நிலைப்படியில் இரண்டையும் வைத்தேன். படியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டையை இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்குப் போட்டேன். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் 63 கொட்டை. அத்தை திண்ணையிலிருந்து "பல்லாங்குழியா ஆடுறே?" என்றார்.

மறுநாள் எதற்காகத் தாண்டினேன் என்றும் பார்த்தேன். பாதிக்குமேல் ஃப்ரிட்ஜுக்கு. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கூடத்தில் இருக்கிறது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில் படட்டும் என்று வாங்கியபோது அங்கே வைத்தது. கல்யாணமாகிப் பேத்தியும் பிறந்துவிட்டாள், ஃப்ரிட்ஜ் நகரவில்லை. கொத்தமல்லிக்கு ஒரு நடை, பச்சைமிளகாய்க்கு ஒரு நடை, மாவுக்கு ஒன்று, தயிருக்கு ஒன்று, எடுத்ததைத் திரும்ப வைக்க அதே அளவு. அதை அடுப்பங்கரைக்கு மாற்றலாம் என்றேன். "அங்க ஸ்விட்ச் பாயிண்ட் இல்ல" என்று எங்கள் வீட்டுக்காரர் பேச்சை முடித்துவிட்டார். சரி என்று ஒரு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தேன். காலையில் எழுந்ததும் முதல் நடையிலேயே சமையலுக்கு வேண்டியதையெல்லாம் அதில் அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். முடிந்ததும் தாம்பாளத்தோடு ஒரே நடையில் திரும்ப. அரிவாள்மணையைக் கொல்லைத் தாழ்வாரத்திலிருந்து உள்ளே கொண்டுவந்தேன். அவ்வளவுதான். 63 என்பது 38 ஆனது. கணுக்கால் வீக்கம் பாதி மாத்திரையில் இறங்கியது, பாதி தாம்பாளத்தில்.

எல்லா நடையையும் குறைக்கப் பார்க்காதீர்கள். சாயங்காலம் வரப்பில் ஒரு சுற்று வருகிற நடையையும், அத்தைக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு டம்ளர் காலியாகிறவரை நிற்கிற நடையையும் நான் தொடவில்லை. சொட்டு மருந்து புட்டி காலி என்பது அப்படி நிற்கும்போதுதான் தெரியும். அந்த 40 நாள் காபியைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடினேனே, அதில் வந்த வினைதான் அது.

வேலை யாரைப் பார்த்து நிற்கிறது?

உளுந்துக் கதை இது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தாளடி (குறுவைக்குப் பிறகு நடுகிற இரண்டாம் போகம்) நெல் அறுப்பதற்கு 7 முதல் 10 நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் தடம் விழும், ஆனால் ஒட்டாது. நெல்லை அறுத்ததும் உளுந்து தலை தூக்கும். உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தை மாசிப் பனியும்தான் அதற்குச் சாப்பாடு. காலங்காலமாக இங்கே நடக்கிறது. இதற்கு எஃபிஷியன்ஸி என்று ஒருவரும் பேர் வைக்கவில்லை.

எங்களுக்கு 9 மா, அதாவது 3 ஏக்கர். ஏக்கருக்குப் பத்துக் கிலோ விதை. அறுப்பு மெஷின் இன்ன தேதிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். கணக்குப்படி வெள்ளிக்கிழமை தெளிக்க வேண்டும். புதன்கிழமையே எனக்குக் கை ஒழிந்தது. ஆப்பில் கட்டம் வேறு காத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்னதாகவே தெளித்து, பச்சை டிக் போட்டு, அன்றைக்கு நூறு சதவீதம் காட்டியதை மகனுக்குப் படம்பிடித்து அனுப்பினேன்.

மெஷின் சொன்ன தேதிக்கு எட்டு நாள் கழித்து வந்தது. அதற்குள் உளுந்து முளைத்து, நெல்லின் நிழலில் நூல் மாதிரி நீண்டு, நாலு இலை விட்டிருந்தது. செயின் வண்டி வயலில் இறங்கியபோது வரப்பில் நின்று பார்த்தேன். இரண்டு பக்கத்துச் செயினும் ஓடிய தடத்தில் பச்சையே இல்லை, திரும்புகிற மூலைகளில் சேறாகக் கலங்கிக் கிடந்தது. அத்தையிடம் வந்து சொன்னேன். "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலை" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அது யாரைப் பார்த்து நிற்கிறது என்று எழுதுகிறேன். வயலையா, மெஷினையா, வெயிலையா, கரண்டையா, இன்னொரு ஆளையா, என் கையை மட்டுமா? என் கையை மட்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், முன்கூட்டியும் செய்யலாம். மற்றதெல்லாம் எனக்குக் கை ஒழிந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு நடக்காது. உளுந்துக்கு இப்போது வரிசை இதுதான்: மெஷின் ஓட்டுகிற தம்பிக்கு நேரடியாகப் போன் போடுவேன். "இப்ப எந்த ஊர்ல நிக்குது? இன்னும் எத்தனை மா பாக்கி?" இரண்டு கேள்வி. தேதி கேட்கவே மாட்டேன்; தேதி கேட்டால் நல்ல மனசோடு ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். பாக்கி மாவை எண்ணி நானே கணக்குப் போட்டுக்கொண்டு தெளிக்கிறேன்.

தானாக நடக்கிற வேலை என்று ஒரு வகை உண்டு. விதை நெல்லுக்கு ஒரு நாள் ஊறல், ஒரு நாள் இருட்டில் மூட்டம். இட்லி மாவு ராத்திரி பூராப் புளிக்கும். இவற்றையெல்லாம் தொடங்கிவைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா அடுப்பங்கரையிலும் தெரிந்ததுதான்.

மிச்சமான நேரத்துக்கு வரப்பு போடுங்கள்

வாஷிங் மெஷின் வந்தபோது வாரத்துக்கு நான்கு மணி நேரம் மிச்சம் என்று நினைத்தேன். வந்த மூன்றாம் மாதத்தில் பார்த்தால் ஒரு தடவை மாட்டிய சட்டையும் அழுக்குக் கூடைக்கு வருகிறது. தலையணை உறை வாராவாரம். முன்பு கல்லில் அடித்துத் துவைத்தபோது "இன்னும் ஒரு நாள் போடலாம்" என்று கொடியில் கிடந்த துணிகள் அவை. கொடியில் காயப்போடுவதும் மடிப்பதும் மட்டும் என் கணக்கில் இரண்டு பங்கானது.

மகனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, இதை 1865லேயே ஜெவன்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் நிலக்கரியை வைத்து எழுதியிருக்கிறார் என்றான். நீராவி இயந்திரம் குறைந்த கரியில் ஓட ஆரம்பித்ததும் நாட்டில் கரிச் செலவு இறங்கும் என்று நினைத்தார்களாம். மலிவாக ஓடுகிறதே என்று இயந்திரங்கள் பெருகி, கரி முன்னைவிட அதிகமாகச் செலவானதாம். அப்படியென்றால் இத்தனை தெரிந்த பிள்ளை எனக்கு ஏன் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தான் என்று கேட்டேன். பதில் இல்லை.

நேரம் மிச்சப்படுத்துவதற்கு முன்னாலேயே அது எந்த வயலுக்கு என்று முடிவு செய்யுங்கள். முடிவு செய்யாத தண்ணீர் பள்ளம் பார்த்துப் போய்விடும். தாம்பாளத்தால் எனக்குக் காலையில் இருபது நிமிஷம் கிடைத்தது. அதைத் திண்ணைக்கு ஒதுக்கினேன். பேப்பர்கூடக் கிடையாது, சும்மா உட்காருவது. இன்னொன்று: இப்படி மிச்சமானதை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். "நீ சும்மாதானே இருக்கே" என்று ஒரு வேலை வந்து நிற்கும்.

மிச்சம் யாருடைய நேரத்தில் என்பதையும் பாருங்கள். எங்கள் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து சேற்றுக் கைலியைக் கிணற்றடியில் அப்படியே விட்டுவிட்டு இரண்டு நிமிஷத்தில் குளித்து முடிப்பார். அந்த வேகத்துக்கு நான் கால்மணி கொடுக்கிறேன். அவரை மட்டும் சொல்லக் கூடாது. ஆப் வைத்திருந்த காலத்தில் களையெடுக்க வரும் அக்காக்களை ஆறரைக்கு வரச் சொன்னேன், என் காலை சீக்கிரம் ஒழியும் என்று. அவர்கள் உலை வைக்காமல் வந்து, பத்து மணிக்கெல்லாம் சோர்ந்துபோனார்கள். அதில் மூத்தவர் ஒருநாள் "ஒனக்கு வேல முடியுது பாப்பா, எனக்கு வீட்ல இனிமேதான் ஆரம்பம்" என்றார். இப்போது எட்டு மணி. வேலை அதேதான் ஆகிறது.

சும்மா கிடப்பதைத் தூக்கிப் போடாதீர்கள்

2018இல் ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழித்தபோது கொல்லையில் கிடந்த அம்மி, ஆட்டுக்கல், துருப்பிடித்த அடிபம்பு மூன்றையும் அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று நின்றேன். இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. பம்பைக் கழற்ற ஆள் கிடைக்காததால் அந்த வேலை தள்ளிப் போனது. நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. தென்னை ஒன்று மாட்டுக் கொட்டகைமேல் கிடந்தது; கம்பங்கள் தெரு நெடுக மடிந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. மோட்டார் இல்லாமல் டேங்கில் தண்ணீர் இல்லை, மிக்ஸி இல்லை, போனில் சார்ஜ் இல்லை.

இவர் சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி அடிபம்புக்கு வாஷராகப் போட்டார். மேலே இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடித்தால் முதலில் துருத் தண்ணீர், அப்புறம் தெளிந்து வந்தது. பதினொரு வீட்டுக்குக் குடம் அங்கேதான் நிறைந்தது. அம்மியில் துவையல் அரைத்த கை இரண்டு நாள் வலித்தது, பிறகு பழகிவிட்டது.

நாற்றங்காலில் நடவு முடிந்த பிறகும் ஒரு மூலையில் நாற்றை விட்டுவைப்போம். கார்த்திகை வெள்ளத்தில் பயிர் அழுகிச் சொட்டை விழுந்தால் அதிலிருந்து பிடுங்கி நிரவலாம். வெள்ளம் வராத வருஷம் அது மாட்டுக்குப் போகும். அதை யாரும் நஷ்டக் கணக்கில் எழுதியதில்லை. உங்கள் வீட்டில் தண்ணீர், அடுப்பு, வெளிச்சம், கைக்காசு நான்குக்கும் மெதுவான வழி ஒன்று இருக்கட்டும். முக்கியமான நான்கு போன் நம்பர் காகிதத்தில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை அது ஓடுகிறதா என்று பாருங்கள். நான் ஆடிப்பெருக்கு அன்றைக்கு அடிபம்பில் ஒரு குடம் அடித்துத்தான் சாமிக்கு வைக்கிறேன்.

நாளிலும் அப்படி ஒரு மூலை வேண்டும். மதியம் மூன்றிலிருந்து நான்கு எனக்கு எந்த வேலையும் கிடையாது. யாராவது வந்தால், எதாவது உடைந்தால் அதற்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் தூக்கம்.

ஆப்பை நான் அழிக்கவில்லை, மகன் வரும்போது பார்ப்பான். ஆனால் எழுதுவது காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான். மூன்று வரி: மிச்சம், யாரைப் பார்த்து, நடை. நேற்றைய தாளில் மிச்சம் என்ற இடத்தில் "தங்கை" என்று இருக்கிறது, பக்கத்தில் "என் கைதான்" என்றும் இருக்கிறது. நடை 41, விருந்தாள் வந்திருந்தார்கள். தாள்களை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தி வைக்கிறேன். பென்சிலை நூல் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டாமல் வைத்து எங்கள் வீட்டில் மூன்று காணாமல் போயிற்று. நான்காவதை இவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன், துவைத்த பிறகு.